வடசென்னையிலிருந்து உரிமையியல் நீதிபதி பதவிக்குச் செல்லும் வழி

வடசென்னையில் சட்டம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில், தேர்வு வழியாக நிரப்பப்படும் தொடக்கநிலை உரிமையியல் நீதிபதி பதவியைப் பற்றி இரண்டு எண்ணங்கள் வேரூன்றியிருக்கின்றன. மேலிடத்தில் ஆள் இல்லாமல் அந்த நாற்காலி கிடைக்காது என்பது ஒன்று. பயிற்சி மையத்தில் சேர்ந்து சட்டப் பிரிவுகளை நெட்டுருப் போட்டால் கிடைத்துவிடும் என்பது மற்றொன்று. முதல் எண்ணத்தால் தகுதியுள்ள பலர் விண்ணப்பம்கூடப் போடாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டாவது எண்ணத்தால் பலர் முதல்நிலைத் தேர்வில் தேறி, முதன்மைத் தேர்வில் தீர்ப்பு எழுதும் தாளின் முன் திகைத்துப்போகிறார்கள். விசாரணை நீதிமன்றத்தில் அன்றாடம் நடக்கும் வேலையை ஒருவரால் செய்ய முடியுமா என்று பார்ப்பதே இந்தத் தேர்வின் நோக்கம். ஆகவே ஜார்ஜ் டவுன் நீதிமன்றங்களையும் உயர் நீதிமன்ற வளாகத்தையும் கூப்பிடு தூரத்தில் வைத்திருக்கும் நம் பகுதி இளைஞர்களுக்கு, அந்த நெருக்கத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினால், இது எட்டாத பதவி அன்று.

முதலில், நீதிபதியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் தெளிவு வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விசாரணை நீதிமன்ற நீதிபதிகள் கட்சி வேட்பாளர்களாகவே தேர்தலில் நின்று வாக்குக் கேட்கிறார்கள். கலிஃபோர்னியாவிலும் தேர்தல் உண்டு, ஆனால் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. நம் நாட்டில் நீதிபதிக்குத் தேர்தல் கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 234ஆம் உறுப்பின்படி, மாநிலத் தேர்வாணையத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கலந்து வகுக்கப்பட்ட விதிகளுக்கு உட்பட்டு ஆளுநர் நியமனம் செய்கிறார். பணியில் சேர்ந்த பிறகு பணியிடம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை 235ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2007ஆம் ஆண்டின் மாநில நீதித்துறைப் பணி விதிகள். தேர்வை நடத்துவது டி.என்.பி.எஸ்.சி. இந்த ஏற்பாட்டில் எந்த வட்டச் செயலாளருக்கும், எந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கும் இடமில்லை. பரிந்துரை தேடுவதே விண்ணப்பத்தை நிராகரிக்கப் போதுமான காரணம் என்பதால், ‘சொல்லி வைக்கிறேன்’ என்று வருபவரைப் பெற்றோர் வாசலிலேயே அனுப்பிவிட வேண்டும்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிளஸ் 2 முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு, பட்டம் பெற்றவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. அரசு சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடக்கிறது, கட்டணமும் குறைவு. உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்த அம்பேத்கர் சட்டக் கல்லூரி 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் மாற்றப்பட்டது வடசென்னை மாணவர்களுக்கு உண்மையான இழப்பு. வகுப்பு முடிந்து பத்து நிமிடத்தில் நீதிமன்றக் கூடத்தில் போய் உட்கார முடிந்த காலம் போய், இன்று பேசின் பிரிட்ஜிலோ பெரம்பூரிலோ திருவள்ளூர் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து பேருந்தில் போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் விடுமுறை நாள்களை நீதிமன்றத்தில் செலவிடும் பழக்கத்தைப் படிக்கும்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். பாரதி மகளிர் கல்லூரியிலோ, தியாகராயா கல்லூரியிலோ, வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியிலோ வரலாறும் தமிழும் படித்தவர்கள் தங்களுக்குத் தாமதமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். மூன்றாண்டுச் சட்டப் படிப்பு அவர்களுக்கானதே. தமிழ் நன்றாக எழுத வருவது இந்தத் தேர்வில் பெரிய பலம்.

பட்டம் கையில் வந்ததும் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கட்டணமாகப் பல ஆயிரம் ரூபாய் கேட்கப்பட்ட நிலையை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று மாற்றியது: வழக்கறிஞர் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல் பதிவுக்கு வாங்கக் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான். வட்டிக்கு வாங்கிப் பதிவு செய்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை தெரியும். பதிவுக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேறிவிட வேண்டும்.

மூன்று ஆண்டுகள்

2023ஆம் ஆண்டு அறிவிக்கை வரை, புதிதாகச் சட்டப் பட்டம் பெற்றவர்களும் தமிழ்நாட்டில் நேரடியாக இந்தத் தேர்வை எழுத முடிந்தது. 2025 மே 20 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, தொடக்கநிலை நீதிபதி பதவிக்கு விண்ணப்பிப்போர் குறைந்தது மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்தது. 2002இல் அதே நீதிமன்றம் விலக்கிய நிபந்தனை இது. அந்தத் தீர்ப்பின்படி, பார் தேர்வில் தேறுவதற்கு முன் பார் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே மூன்று ஆண்டுகள் கணக்கிடப்படும். நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலரின் சான்றிதழ் வேண்டும். அல்லது பத்து ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தரும் சான்றிதழில் அந்த அலுவலரின் மேலொப்பம் வேண்டும். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராகப் பணியாற்றிய காலமும் சேரும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த அறிவிக்கையில் தொழில் அனுபவம் பற்றி அச்சாகியிருக்கும் வரிகளை வரிக்கு வரி படித்து, அதில் கேட்கப்பட்ட வடிவத்திலேயே சான்றிதழை வாங்குங்கள்.

இந்த நிபந்தனை ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சுமை என்பதை நான் மறுக்கவில்லை. மூன்று ஆண்டுகள் வருமானம் இல்லாமல் கறுப்பு அங்கியோடு நடப்பது, காசிமேட்டில் மீன் ஏலத்தை நம்பி வாழும் வீட்டுக்கும், பட்டாளத்தில் தையல் கூலியில் வாழும் வீட்டுக்கும் எளிதன்று. ஆனால் இங்கே ஒரு பிடிமானம் உண்டு. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், பிற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று கூறியது. பார் கவுன்சிலும் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. சீனியரிடம் சேரும் நாளிலேயே இதைப் பணிவாகவும் தெளிவாகவும் பேசிக்கொள்ளுங்கள். ஜூனியரின் உழைப்பை வாங்கிக்கொண்டு பஸ் பாஸ் காசை மட்டும் தருவது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படித் தரும் அலுவலகத்தில் கற்பதற்கும் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதே சமயம், பணத்துக்காக ஒரு நிறுவனத்தில் முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்துவிட்டு வழக்கறிஞர் பதிவையும் வைத்திருப்பதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. அப்படிச் செய்தவரின் அனுபவச் சான்றிதழ் பிறகு கேள்விக்குள்ளாகும்.

எந்த நீதிமன்றத்தில் இந்த ஆண்டுகளைக் கழிப்பது என்பது பலர் யோசிக்காத விஷயம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுக்களைச் சுமக்கும் பெரிய அலுவலகத்தில் சேர்வதில்தான் பெருமை என்று நினைக்கிறார்கள். நீதிபதி பதவியை நோக்கி நடப்பவருக்கு அது சரியான இடம் அன்று. அங்கே சாட்சிக் கூண்டைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. தேர்வோ சாட்சியத்தை எடைபோடுவதைப் பற்றியது. பழைய சென்னை நகர எல்லைக்குள், தொடக்கநிலை உரிமையியல் நீதிபதி அமரும் முன்சீப் நீதிமன்றம் என்ற ஒன்றே இல்லை. உரிமையியல் வழக்குகள் நகர உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகின்றன, அங்கே அமர்பவர்கள் மேல்நிலை நீதிபதிகள். நீங்கள் முதலில் அமரப்போகும் நாற்காலி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால், திருவொற்றியூருக்கோ பொன்னேரிக்கோ போக வேண்டும். பொன்னேரியில் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, பாதை உரிமை, நிரந்தர உறுத்துக்கட்டளை (நீதிமன்றத் தடை உத்தரவு) என்று வரும் வழக்குகள்தான் நாளை உங்களுக்கு எந்த மாவட்டத்தில் பணியிடம் கிடைத்தாலும் காத்திருக்கும். இதே பணியில் குற்றவியல் நடுவராகவும் அமர வேண்டியிருக்கும்; அந்தக் குற்றவியல் பக்கத்துக்கு ஜார்ஜ் டவுன் நடுவர் நீதிமன்றங்களைவிட நல்ல பள்ளி கிடையாது. விம்கோ நகரிலிருந்து உயர் நீதிமன்ற நிலையத்துக்கு நேராக மெட்ரோ வந்த பிறகு, காலையில் ஜார்ஜ் டவுன், வேறொரு நாள் திருவொற்றியூர் என்று மாறி மாறிப் பார்ப்பதும் கடினமில்லை.

அங்கே வெறுமனே வாய்தா வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு வழக்கைத் தேர்ந்தெடுத்து, வழக்குரை தாக்கலான நாள் முதல் தீர்ப்பு வரை பின்தொடருங்கள். சாட்சி எழுத்தில் தாக்கல் செய்யும் நிரூபண வாக்குமூலத்தைப் படித்துவிட்டுக் குறுக்கு விசாரணையை நேரில் கேட்டு, சாட்சி எங்கே நிலைத்து நின்றார், எங்கே சறுக்கினார் என்று அன்று மாலையே எழுதிவையுங்கள். தீர்ப்பு வருவதற்கு முன் உங்கள் தீர்ப்பை நீங்களே எழுதுங்கள். பிறகு இ-கோர்ட்ஸ் தளத்தில் உண்மையான தீர்ப்பை இறக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பார்த்தவரையில், தேர்ச்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பிரித்தது இந்தப் பழக்கம்தான்.

தேர்வுத் தாள்கள்

முதல்நிலைத் தேர்வு கொள்குறி வகை. முதன்மைத் தேர்வுக்கு ஆள்களை வடிகட்டுவதற்கு மட்டும் பயன்படுவது. முதன்மைத் தேர்வில் நான்கு தாள்கள்: மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று, சட்டங்களைப் பற்றிய தாள் ஒன்று, உரிமையியல் வழக்கில் எழுவினா (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்வி) வனைந்து தீர்ப்பு எழுதும் தாள் ஒன்று, குற்றவியல் வழக்கில் குற்றச்சாட்டு வனைந்து தீர்ப்பு எழுதும் தாள் ஒன்று. அதன்பின் நேர்காணல். பயிற்சி மையங்கள் முதல்நிலைக்குத்தான் நன்றாக உதவும். கடைசி இரண்டு தாள்களுக்கு உங்கள் கைதான் பழக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தங்கசாலைத் தெரு வியாபாரி ஒருவர், தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் மீது 3 லட்சம் ரூபாய்க்கு புரோநோட்டு வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரதிவாதியின் எதிருரை இது: கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் சீட்டு எடுத்தபோது பிணையாக நிரப்பாத தாளில் வாங்கிக்கொண்டார், பணம் கைமாறவில்லை. இதற்கு எழுவினா எழுதச் சொன்னால், பலர் ‘வாதிக்கு வழக்குத் தொகை கிடைக்கத்தக்கதா?’ என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுவார்கள். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதல் எழுவினா, ‘வழக்கு புரோநோட்டு, சீட்டுப் பணத்துக்குப் பிணையாக நிரப்பாத தாளில் பெறப்பட்டது என்ற பிரதிவாதியின் எதிருரை உண்மையா?’ என்பதாக இருக்க வேண்டும். அடுத்தது, புரோநோட்டுக்குப் பிரதிபலன் (ஈடாகக் கொடுத்த பணம்) உண்டா என்பது. தேதி பற்றித் தகராறு இருந்தால், வழக்கு மூன்று ஆண்டுக் காலவரம்புக்குள் தாக்கலானதா என்பது அதற்கும் அடுத்தது. இப்படி வரிசைப்படுத்திவிட்டால், மெய்ப்பிக்கும் சுமை யார் தோளில் என்பது தானாகத் தெளிவாகும். கையெழுத்தை ஒப்புக்கொண்டதால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, பிரதிபலன் கொடுக்கப்பட்டதாக வாதிக்குச் சாதகமாக அனுமானிக்கச் சொல்கிறது. அதை உடைக்கும் பொறுப்பு பிரதிவாதிக்கு. ஆனால் அவர் தாமே கூண்டேறித்தான் உடைக்க வேண்டும் என்பதில்லை. வாதியின் குறுக்கு விசாரணையில் கடன் கொடுத்த இடமும், பணத்தின் மூலமும், சாட்சிகளின் பேச்சும் முரண்பட்டால், அதுவே போதலாம். தீர்ப்பில் ஒவ்வோர் எழுவினாவுக்கும் தனித்தனி முடிவும் அதற்கான காரணமும் இருக்க வேண்டும், வா.சா.1 (வாதி தரப்பு முதல் சாட்சி) சொன்னது என்ன, எந்தச் சான்றாவணம் அதை ஆதரிக்கிறது என்று சொல்லாமல் ‘வாதி தன் வழக்கை நிரூபித்துள்ளார்’ என்று முடிப்பது தீர்ப்பாகாது. வட்டி, செலவுத்தொகை ஆகியவற்றைச் சொல்லாமல் விட்டால் தீர்ப்பாணை எழுத முடியாது என்பதையும் மறக்கக் கூடாது.

குற்றவியல் தாளுக்கு எம்.சி. ரோட்டில் நடந்த ஒரு செல்போன் பறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக்கி, மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. முதல் வகுப்பு நடுவர் விதிக்கக்கூடிய உச்ச வரம்பும் அதுவே. குற்றச்சாட்டில் நாள், நேரம், இடம், யாரிடமிருந்து எதைப் பறித்தார் என்பவை ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும். பிறகு சாட்சியத்துக்கு வந்தால், போலீசிடம் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் முழுவதையும் தீர்ப்பில் எடுத்து எழுதுவது பெரும்பிழை. அந்த வாக்குமூலத்தால் கைப்பற்றப்பட்ட பொருளைப் பற்றிய பகுதி மட்டுமே ஏற்கத்தக்கது. பறிமுதல் மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதற்கான எழுத்துப் பதிவில்) கையொப்பமிட்ட சாட்சி கூண்டில் பிறழ்ந்தால் என்ன செய்வது என்பதை ஜார்ஜ் டவுனில் வாரத்துக்கு ஒரு முறையாவது பார்ப்பீர்கள். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றங்கள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின்கீழ்தான் விசாரிக்கப்படும். ஆகவே பழைய சட்டங்களை மூட்டை கட்டிவிடாமல் இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்புத் தாளில் தினமும் ஒரு பக்கம் என்ற கணக்கில் சாட்சியத்தையும் ஆவணத்தையும் இரு மொழியிலும் மாற்றிப் பழகினால் போதும். சாட்சி ‘நான் பார்த்தேன்’ என்றாரா, ‘பார்த்ததாகச் சொன்னார்கள்’ என்றாரா என்ற வேறுபாடு மொழிபெயர்ப்பில் கரைந்துவிடக் கூடாது. வழக்கே அதில் மாறிவிடும். வீட்டில் இடம் இல்லாதவர்களுக்கு, 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகமும், எழும்பூர் கன்னிமாரா நூலகமும் அமைதியாக உட்கார்ந்து எழுத ஏற்றவை.

அறிவிக்கை ஆண்டுதோறும் வராது என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். 2019இல் 176 இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. அடுத்தது 2023இல், 245 இடங்களுக்கு. 2023 அறிவிக்கையில் வழக்கறிஞர்களுக்குக் குறைந்த வயது 25. உச்ச வயது பொதுப் பிரிவினருக்கு 37, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 42. ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்தது வர நான்கு ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், அறிவிக்கை வந்த பிறகு படிக்கத் தொடங்குவோம் என்று இருப்பவர்கள் வயதைத்தான் இழக்கிறார்கள். அந்த 2023 தேர்வில்தான், ஜவ்வாது மலையின் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண், பிள்ளை பெற்ற சில நாள்களிலேயே சென்னைக்கு வந்து முதன்மைத் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றார். மேலிடத்து ஆள் வேண்டும் என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வழக்குப் பதிவும் சரிபார்ப்பும்

நம் பகுதிக்காகவே இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெருச் சண்டையிலோ, கல்லூரி நாள் பேருந்துத் தகராறிலோ, மறியலிலோ பெயர் சேர்க்கப்பட்ட எப்.ஐ.ஆர். பல இளைஞர்கள் மீது இருக்கிறது. சிலருக்கு அது இருப்பதே தெரியாது. தேர்ச்சிக்குப் பின் காவல்துறை சரிபார்ப்பு நடக்கும். விண்ணப்பத்தில் கேட்கப்படும் இடத்தில், நிலுவையில் இருப்பது, விடுதலையானது, கைவிடப்பட்டது என்று எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். சிறு வழக்கை உள்ளபடி சொன்னவரைப் பொறுத்து, அதன் தன்மையைப் பார்த்து முடிவெடுக்க இடமுண்டு. மறைத்தவரின் நியமனத்தை ரத்து செய்யலாம் என்று 2016இல் உச்ச நீதிமன்றமே விரிவாகச் சொல்லியிருக்கிறது. நீதிபதியாகப் போகிறவர் முதல் படிவத்திலேயே பொய் எழுதக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். நிலுவை வழக்கு ஏதேனும் இருந்தால், தேர்வுக்கு ஆண்டுகள் இருக்கும்போதே சட்டப்படி முடித்துக்கொள்ளுங்கள்.

பணியில் சேர்ந்த பின்

தேர்ச்சி பெற்றவர்களுக்கு மாநில நீதித்துறைப் பயிலகம் பயிற்சி அளிக்கிறது. நீதிமன்றத்தில் அமர்வதற்கு முன் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம் என்றும் 2025 தீர்ப்பு சொல்கிறது. தொடக்க ஊதியம், இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 77,840 ரூபாயில் தொடங்கும் விகிதம். முதல் பணியிடம் ராயபுரத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிவகங்கையோ தருமபுரியோ, குடும்பத்தை அழைத்துக்கொண்டு போய், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம்மாறி வாழ வேண்டும். ஒரு கைதியை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும் என்பதால், விடுமுறை நாளிலும் இரவிலும் உங்கள் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நிற்கும். அப்போது தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போடாமல், கைதானவரைப் பார்த்துப் பேசி, காயம் உண்டா, வழக்கறிஞர் உண்டா என்று கேட்பதுதான் இந்தப் பதவியின் மிக முக்கியமான கடமை என்பது என் கருத்து. பழைய நண்பர்களான வழக்கறிஞர்களோடு டீக்கடையில் நின்று பேசும் உறவும் அத்தோடு முடிந்துவிடும். பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சம்பளக் குறைவைவிட வலிக்கும், ஆனால் தவிர்க்க முடியாது.

மேலே செல்லும் வழி நீண்டது. முதுநிலை உரிமையியல் நீதிபதி, பிறகு மாவட்ட நீதிபதி. மாவட்ட நீதிபதி இடங்களில் பாதி, தகுதியோடு கூடிய பணிமூப்பு வழியாக நிரப்பப்படும். கால் பங்கு, பணியில் இருப்போருக்கான துறைத் தேர்வு வழியாக. மீதிக் கால் பங்கு நேரடி நியமனம். 1856இல் முன்சீப்பாகத் தொடங்கிய டி. முத்துசாமி ஐயர், சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். அவருடைய சிலை அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 1958இல் கேரளத்தில் முன்சீப்பாகச் சேர்ந்த பாத்திமா பீவி 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார்.

வயது வரம்பைக் கடந்துவிட்ட வழக்கறிஞர்களுக்கு நேரடி மாவட்ட நீதிபதி நியமனம் என்ற வழி இருக்கிறது. 233ஆம் உறுப்பின்படி ஏழு ஆண்டுகள் வழக்கறிஞர் தொழில் செய்திருக்க வேண்டும். 2025 அக்டோபர் 9 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, வழக்கறிஞராகவும் நீதித்துறை அலுவலராகவும் இருந்த காலத்தைச் சேர்த்து ஏழு ஆண்டுகள் ஆனவர்களும் போட்டியிடலாம் என்றும், குறைந்த வயது 35 என்றும் தீர்ப்பளித்தது. 1988இல் இந்த வழியாக மாவட்ட நீதிபதியாகச் சேர்ந்த ஆர். பானுமதி, 2014இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். இந்தத் தேர்வு கடுமையானது: 2019இல் தமிழ்நாட்டில் நடந்த மாவட்ட நீதிபதி முதல்நிலைத் தேர்வை எழுதிய 3,500க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் தேறவில்லை. ஆகவே நாற்பதை நெருங்குபவர்களும், மேலே சொன்ன தீர்ப்பு எழுதும் பழக்கத்தைத் தங்கள் அலுவலகத்தில் முடிந்துபோன பழைய வழக்குக் கட்டுகளைக் கொண்டே இப்போது தொடங்கலாம்.